வால் ட்ருப்சுனில் மான் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில், எங்கடீன் பகுதியில், ஷ்சான்ஃப் என்ற சின்ன ஊருக்குப் பின்னால் தொடங்குகிறது வால் ட்ருப்சுன் பள்ளத்தாக்கு. சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் பெரிய விலங்குகளை ஒரே நாளில் அதிகம் பார்க்கக்கூடிய இடம் இதுதான். சிவப்பு மான், ஐபெக்ஸ் காட்டாடு, ஷாமுவா என்ற மலையாட்டினம், வளையில் வாழும் பெரிய மலை அணிலான மர்மொட் எல்லாமே இங்கே உண்டு. பாதை கடினமானதல்ல. ஷ்சான்ஃப் ஏறத்தாழ 1,670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய்ச் சேரும் ட்ருப்சுன் மேய்ச்சல்வெளி 2,040 மீட்டரில். நானூறு மீட்டருக்கும் குறைவான ஏற்றம், நல்ல பாதை. இவ்வளவு சுலபமான இடத்துக்குப் போயும் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நடையில் அவர்கள் எந்தக் குறையும் வைப்பதில்லை. நேரத்தைத் தேர்ந்ததிலும், உட்கார வேண்டிய இடத்தில் உட்காராததிலும்தான் கோட்டை விடுகிறார்கள்.

நண்பகலில் போய்ச் சேருவது

சூரிக், பெர்ன் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் இதை ஒருநாள் பயணமாகவே நினைக்கிறார்கள். சூரிக்கிலிருந்து லாண்ட்குவார்ட், வெரைனா சுரங்கம், செர்னெட்ஸ் வழியாக ஷ்சான்ஃப் வர ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்கு இறங்கி, பன்னிரண்டரை அல்லது ஒரு மணிக்கு மேய்ச்சல்வெளியை அடையலாம். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினால் இரவு உணவுக்கு வீடு. கணக்கு கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மான்கள் அசை போட்டுக்கொண்டு நிழலில் படுத்திருக்கும் நேரம் எதுவோ அதில் மிகச் சரியாக அங்கே போய் நின்று, அவை எழுந்திருக்கும் முன் கிளம்பிவிடுகிறீர்கள்.

மான்கள் விடியலை ஒட்டியும், மாலையில் சரிவில் நிழல் விழத் தொடங்கிய பிறகும்தான் திறந்த புல்வெளிக்கு வரும். அதனால் முந்தின இரவு அருகிலேயே தங்குவது நல்லது. சுவோட்ஸ், ஷ்சான்ஃப், செர்னெட்ஸ் ஊர்களில் அறைகள் கிடைக்கும். பூங்கா எல்லைக்குச் சற்று வெளியே வருஷ் விடுதி இருக்கிறது. இலையுதிர்காலத்தில் முன்பதிவு இல்லாமல் அங்கே போகாதீர்கள். பூங்காவுக்குள் கூடாரம் போடவோ திறந்தவெளியில் படுக்கவோ அனுமதி கிடையாது. வருஷிலிருந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் மேய்ச்சல்வெளிக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும்.

தங்க வழியில்லை என்றால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். பகல் ரயிலில் வந்து, இரண்டு மணிவாக்கில் மேலே சேர்ந்து, ஐந்து, ஐந்தரை வரை இருந்துவிட்டு இறங்கலாம். செப்டம்பர் கடைசியில் சூரியன் ஏழு மணியைத் தாண்டி மறையும் என்றாலும் பள்ளத்தாக்குக்குள் வெளிச்சம் அதற்கு வெகுமுன்பே குறைந்துவிடும். வருஷுக்குக் கீழே கடைசிப் பகுதியை அரையிருட்டில் நடக்க நேரலாம். தலைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும். அன்றிரவே வீடு திரும்ப எது கடைசி இணைப்பு ரயில் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் உள்ள நேரத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது நிற்காமல் நடக்கும் நேரம். சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகத்தை வைத்துப் போட்டது. நின்று பார்ப்பதற்காகவே போகும் நடைக்கு அதைப்போல ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதையை விட்டு ஓரடி

இந்தப் பூங்கா 1914 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கப்பட்டது. பூங்காவுக்குள் வேட்டை இல்லை, மரம் வெட்டுதல் இல்லை, கால்நடை மேய்ச்சலும் இல்லை. சுற்றியுள்ள கிராவுபூண்டன் மாநிலத்தில் செப்டம்பர்தான் வேட்டைக் காலம். துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது எல்லைக்குள் வந்தால் பிழைக்கலாம் என்பதை மான்கள் தெரிந்து வைத்திருக்கின்றன. வெளியே இருட்டிய பிறகே தலைகாட்டும் அதே மான், இங்கே வெளிச்சம் இருக்கும்போதே திறந்தவெளியில் நிற்கிறதென்றால் அதுதான் காரணம்.

இன்னொரு காரணம் பாதை. மனிதர்கள் எப்போதும் ஒரே கோட்டில் வந்து ஒரே கோட்டில் போகிறார்கள் என்று அவை தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியிருக்கின்றன. அந்தக் கோட்டில் ஐம்பது பேர் போனாலும் கவலைப்படுவதில்லை. கோட்டை விட்டு ஒருவர் பத்து மீட்டர் ஏறினால் போதும், சரிவே காலியாகும். நல்ல படம் வேண்டுமென்று ஒருவர் புல்லுக்குள் இறங்கினால் அன்று அங்கே இருக்கும் எல்லோருடைய மாலையும் போயிற்று. சட்டப்படியும் அது குற்றம். பூங்காக் காவலர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், அபராதமும் போடுவார்கள்.

உட்கார்ந்து ஓய்வெடுப்பதற்கும் இடம் உண்டு. மஞ்சள் அடையாளமிட்ட ஓய்விடங்களில் மட்டுமே பையை இறக்கி உட்காரலாம். இது தெரியாமல் பாதையோரப் புல்லில் போர்வை விரிக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு. டிரைபாட் கால்களும் அந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாய்க்கு அனுமதி இல்லை, கயிற்றில் கட்டியிருந்தாலும் இல்லை. சைக்கிள், ட்ரோன், நெருப்பு எதுவும் கூடாது. பூ, காளான், பெர்ரி மட்டுமல்ல, கீழே உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பையும் எடுக்கக் கூடாது. கொம்பு விஷயத்தில்தான் ஆசை அதிகம் வழுக்குகிறது. ஆண் மான் ஆண்டுதோறும் உதிர்க்கும் பொருள்தானே என்று வாதம் செய்கிறார்கள். காவலர்கள் அதை நிறையக் கேட்டவர்கள்.

நடந்துகொண்டே தேடுவது

நடக்கும்போது கண் காலடியைப் பார்க்கும், காது சொந்தக் காலணிச் சத்தத்தையே கேட்கும். இரண்டும் சேர்ந்து வேலை செய்ய நிற்க வேண்டும், குறைந்தது இருபது நிமிடம். ஐந்து ஓய்விடங்களில் ஐந்தைந்து நிமிடம் நிற்பதைவிட ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்வது பலமடங்கு பலன் தரும். எதிர்ச்சரிவு முழுவதும் தெரிகிற இடமாகப் பாருங்கள்.

பைனாகுலரை அங்குமிங்கும் வீசிப் பார்ப்பதில் பயனில்லை. சரிவை மனத்துக்குள் பட்டை பட்டையாகப் பிரித்து, கீழ்ப்பட்டையில் இடமிருந்து வலம், அடுத்ததில் வலமிருந்து இடம் என்று மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு பார்வைவட்டத்திலும் ஐந்து வினாடியாவது நிறுத்த வேண்டும். முழு மானைத் தேடாதீர்கள். மரங்கள் செங்குத்தாக நிற்கும் இடத்தில் கிடைக்கோடாகத் தெரியும் முதுகு, அசையும் காது, பின்புறத்து வெளிர் திட்டு, இவற்றைத் தேட வேண்டும். காடும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்புக்கு அதிக நேரம் கொடுங்கள். கோடை வெயிலில் எஞ்சியிருக்கும் பனித்திட்டுகளின் மேல் ஷாமுவாக்கள் படுத்திருக்கும்.

சத்தத்தைப் பற்றி: குசுகுசுவென்று பேசுவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அந்த "ஸ்" ஒலிதான் அமைதியில் தனியாகத் தெறித்துக் கேட்கும். தாழ்ந்த குரலில் இயல்பாக இரண்டு வார்த்தை பேசுவது மேல். சரசரக்கும் பிளாஸ்டிக் பை, நடைக்கோல் நுனி பாறையில் மோதும் ஒலி, வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம் எல்லாமே தூரம் போகும்.

நிறத்தைப் பற்றி அநாவசியக் கவலை நிறைய. மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே சிவப்புச் சட்டைக்காரரைக் கடிந்துகொள்ள வேண்டாம். சட்டென்று எழுந்து நிற்பவரும் கையை நீட்டிக் காட்டுபவரும்தான் அதன் கண்ணில் முதலில் படுகிறார்கள்.

சில நேரம் மான் பாதையைக் குறுக்காகக் கடக்க வரும். முன்னேறாதீர்கள், பின்வாங்கவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அது போய், பின்னால் வரும் குட்டியும் போகட்டும். நீங்கள் நடுவில் நடந்தால் இரண்டும் இரண்டு பக்கம் பிரிந்துவிடும்.

சரிசெய்யாத பைனாகுலர்

8x42 அல்லது 10x42 பைனாகுலர் போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் பழக்கமில்லாதவர்களுக்கு 8x42தான். கைநடுக்கம் குறைவாகத் தெரியும், பார்வைவட்டம் அகலம், மாலை மங்கலிலும் வெளிச்சம் கூட. 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டர்; 10ஆல் வகுத்தால் 4.2. மான் வெளியே வரும் நேரத்தில் இந்த வித்தியாசம் தெரியும். கைக்கடக்கமான 8x21 பகலுக்குச் சரி, அந்திக்கு உதவாது.

வாங்கியதோடு சரி, பலர் அதைத் தம் கண்ணுக்குப் பொருத்துவதே இல்லை. முதலில் கண்ணை வைத்துப் பார்க்கும் பக்கத்து ரப்பர் வளையங்கள்: கண்ணாடி அணிபவர்கள் உள்ளே தள்ளி வைக்க வேண்டும், அணியாதவர்கள் வெளியே திருக வேண்டும். பிறகு நடுக்கீலை மடக்கி இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை சரிசெய்யுங்கள். வலது லென்ஸை மூடிக்கொண்டு, ஐம்பது மீட்டர் தூரத்துப் பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். அடுத்து இடது லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருகி அதே பலகையைக் கூர்மையாக்குங்கள். வளையம் நிற்கும் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இதை ரயிலடியிலேயே முடித்துவிடலாம்.

"எங்கே? எங்கே?" என்று தேடியே மானைத் தவறவிடுபவர்களுக்கு: வெறுங்கண்ணால் இலக்கைப் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இடம் தொலைந்துவிடும்.

ஸ்கோப் (டிரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) கொண்டுவருபவர்கள் 20 மடங்கில் தொடங்கி, விலங்கு சிக்கிய பிறகே கூட்ட வேண்டும். வெயில் ஏறியபின் சரிவிலிருந்து எழும் கானல் அலையில் 40க்கு மேல் எல்லாம் நெளியும். அது கருவியின் குறையல்ல. சொந்தமாக ஸ்கோப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மேய்ச்சல்வெளியில் வைத்திருப்பவர்கள் கேட்டால் பெரும்பாலும் பார்க்கத் தருவார்கள்.

முக்காரம் கேட்கப் போய்

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம்வரை சிவப்பு மான்களின் இணைசேரும் பருவம். ஆண் மானின் முக்காரம் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மோதித் திரும்பும். அதற்காகவே கூட்டம் வருகிறது. தெளிந்த, குளிர்ந்த இரவுக்கு மறுநாள் முக்காரம் அதிகம். கதகதப்பான காற்று வீசும் நாளில் பகல் முழுக்க வாய் திறக்காமல் இரவில் மட்டும் கத்தும். விடுமுறை நாளை முன்கூட்டியே முடிவு செய்யாமல் வானிலையைப் பார்த்து நாள் குறிப்பது இங்கே முக்கியம்.

கைபேசியில் பதிவு செய்த முக்காரத்தை ஒலிக்கவிட்டு மானை வரவழைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிட மோசமான காரியம் இல்லை. அந்த வாரங்களில் ஆண் மான் சரியாகத் தின்பதில்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். இல்லாத எதிரியைத் தேடி ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் குளிர்காலத்துக்கான கொழுப்பிலிருந்து கழிகிறது.

உடுப்பும் வானமும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி வெப்பம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடக்கும்போது போதுமாக இருக்கும் உடுப்பு உட்கார்ந்தால் போதாது என்பதுதான் மறந்துபோகிறது. அசையாமல் ஒன்றரை மணி நேரம் இருக்க, ஒரு தடித்த மேலங்கி, தொப்பி, கையுறை, கீழே போட ஒரு நுரைப்பாய்த் துண்டு தனியாக வேண்டும். வியர்த்த பனியனை உட்காரும் முன் மாற்றிவிடுங்கள். பருத்தி நனைந்தால் காயாமல் குளிர்ந்துகொண்டே இருக்கும். செப்டம்பரிலும் பனி பொழியலாம். காலையில் மரப்பாலங்களில் உறைபனி வழுக்கும், அழுத்தமான அடிப்பாகம் உள்ள காலணி தேவை.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குக் கீழே வந்துவிட்டால் காத்திருக்காமல் இறங்கத் தொடங்குங்கள். கைபேசிச் சைகை எல்லா இடத்திலும் கிடைக்காது. சுவிஸ் அரசின் ஸ்விஸ்டோப்போ வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள். அவசரத்துக்கு ரேகா மீட்பு ஹெலிகாப்டர் 1414, பொதுவாக 112. வருஷைத் தாண்டினால் சாப்பாடு விற்கும் இடம் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

எதைப் பார்த்தோம் என்று தெரியாமல் வருவது

பெண் ஐபெக்ஸை ஷாமுவா என்று எழுதிவைப்பது மிகச் சாதாரணம். ஆண் ஐபெக்ஸின் கொம்பு ஒரு மீட்டர் வரை வளையும், அதில் குழப்பமில்லை. பெண்ணுக்குக் கொம்பு சிறியது, பின்னோக்கி லேசாக வளைந்தது. ஷாமுவாவின் கொம்பு நெற்றியிலிருந்து நேரே எழுந்து நுனியில் கொக்கிபோல் மடங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. முகத்தில் கண் வழியாக ஓடும் கறுப்புக்கோடு இருந்தால் ஷாமுவாதான். இங்கே அழிந்துபோன ஐபெக்ஸை 1920இல்தான் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். அவை கோடையில் மேலே பாறைப்பகுதியில் இருக்கும், கண்ணை அங்கே உயர்த்துங்கள்.

வானத்தில் பெரிய பறவை தெரிந்தால் வாலைப் பாருங்கள். நீண்ட ஆப்பு வடிவ வாலும் குறுகிய கூர்மையான சிறகுகளும் இருந்தால் தாடிப் பாறு கழுகு. சிறகு விரிப்பு 2.8 மீட்டர் வரை போகும். விசிறிபோல் வட்ட வாலும் அகன்ற சிறகும் என்றால் பொன்னிறக் கழுகு. ஆல்ப்ஸில் அற்றுப்போயிருந்த தாடிப் பாறுகளை இந்தப் பூங்காவில் 1991 முதல் 2007 வரை மொத்தம் 26 பறவைகளாக விடுவித்தார்கள்.

மர்மொட்டைப் பொறுத்தவரை குழந்தைகளோடு வருபவர்கள் பருவத்தைத் தவறவிடுகிறார்கள். முக்காரம் கேட்க அக்டோபரில் வந்து, பிள்ளைகளுக்கு மர்மொட் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருப்பார்கள். அதற்குள் அவை வளையை அடைத்துக்கொண்டு தூங்கப் போயிருக்கும், ஏப்ரல் வரை வராது. மர்மொட்தான் வேண்டுமென்றால் ஜூலையில் வாருங்கள், காலை பத்து மணிக்கு முன்பு. விசில் சத்தம் கேட்டதும் சுற்றிப் பாருங்கள்: தனி விசில் ஒன்று என்றால் பெரும்பாலும் வானத்தில் கழுகு, அடுத்தடுத்து பல விசில்கள் என்றால் தரையில் நரி.