மணல் திட்டுகளுக்கிடையே சிறு பாய்மரப் படகு

இங்கிலாந்தின் தேம்ஸ் கழிமுகம் போன்ற இடங்களில் திட்டுகளைக் கடக்க, ஓதத்தில் கடல்நீர் ஏறும்போது, அதுவும் முதல் பாதியிலேயே கிளம்புங்கள். தரை தட்டினாலும் சற்று நேரத்தில் கடலே தூக்கிவிடும். இறங்கும் நீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயேதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உச்ச ஏற்றத்தில் மாட்டினால் இரண்டு வாரம்கூட ஆகலாம். அடுத்து வரும் ஏற்றங்கள் அவ்வளவு உயராது.

ஆறு மணி நேரத்தில் நீர் ஏறும் மொத்த உயரத்தை 12 பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு கூடும். 4 மீட்டர் ஏற்றத்தில் முதல் மணியில் 33 செ.மீ. மட்டுமே; மூன்றாம் மணியில் 1 மீட்டர்.

நடுப்பலகையை (படகின் அடியில் நீருக்குள் ஏற்றி இறக்கக்கூடிய பலகை) பாதி இறக்கி வையுங்கள். அது மணலில் உரசும் கரகரப்புதான் முதல் எச்சரிக்கை. உடனே பலகையைத் தூக்கி, வந்த வழியே திருப்புங்கள். சுக்கான் அதைவிட ஆழமாக இறங்கியிருந்தால் முதலில் உடைவது சுக்கான்தான். ஆழம் பார்க்க, 25 செ.மீ.க்கு ஒரு கோடிட்ட மூங்கில் கழி கையிலேயே இருக்கட்டும்.