கோன் ஃபில்டருக்கு வீட்டுலயே ஹீட் ஷீல்டு செய்யறது எப்படி? முதல் தடவை தகடு வெட்டுறவங்களுக்கு

எங்க தெருவுல ஒரு தம்பி ஆசைப்பட்டு கார்ல கோன் ஃபில்டர், அதாவது பாக்ஸ் இல்லாம மாட்டுற கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் மாட்டுனான். ரெண்டு நாள் கழிச்சு வந்து, அண்ணே சத்தம் சூப்பரா இருக்கு ஆனா மத்தியானம் டிராஃபிக்ல வண்டி முன்னை விட மந்தமா இருக்குனு சொன்னான். பானெட்ட தொறந்து பாத்தா கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸ மொத்தமா கழட்டிட்டு, ரேடியேட்டருக்கு பின்னாடி, இன்ஜின் பக்கத்துல மொட்டையா அந்த ஃபில்டர் நிக்குது. ரேடியேட்டர் ஃபேன் தள்ளுற அனல் நேரா அது மூஞ்சியில அடிக்குது. வண்டி இழுக்காததுல ஆச்சரியமே இல்ல.

அவனுக்கு ஒரு சனி ஞாயிறுல உக்காந்து தகட்டுல ஒரு தடுப்பு செஞ்சு குடுத்தோம். அதையே இங்க விளக்கமா எழுதறேன், ஏன்னா இது வெல்டிங் எதுவும் தெரியாதவங்களும் செய்யக்கூடிய வேலை, ஆனா ரெண்டு மூணு எடத்துல தப்பு பண்ணா வயர் உரசி ஷார்ட் ஆகுற வரைக்கும் போகும்.

முதல்ல ஒண்ண சொல்லிடறேன். உங்க வண்டில கம்பெனி குடுத்த ஃபில்டர் பாக்ஸ் அப்படியே இருந்துச்சுனா இந்த வேலையே உங்களுக்கு வேணாம். பெரும்பாலான கார்கள்ல அந்த பிளாஸ்டிக் பாக்ஸுக்கு ஒரு மூக்கு மாதிரி பைப் இருக்கும், அது கிரில் பக்கமோ ஹெட்லைட் பின்னாடியோ போய் வெளிக்காத்த எடுக்கும். நாம இப்ப செய்யப்போறது அந்த பாக்ஸ் செஞ்ச வேலையத்தான். கழட்டுன பாக்ஸ் வீட்ல பத்திரமா இருந்தா திரும்ப மாட்டிடறதுதான் என் முதல் யோசனை. இல்ல அண்ணே கோன்தான் வேணும்னா மேல படிங்க.

சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

காத்து சூடானா விரியும், அதே ஒரு லிட்டர் காத்துல ஆக்சிஜன் கம்மியா இருக்கும். வெளிய 33 டிகிரி, பானெட்டுக்குள்ள 60 டிகிரினு வெச்சுக்கோங்க, அந்த 60 டிகிரி காத்தோட அடர்த்தி கிட்டத்தட்ட 8 சதவீதம் கம்மி. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சா இன்ஜினுக்கு கெடைக்கிற மூச்சும் ஏறக்குறைய அந்த அளவுக்கு கம்மியாகும். இது போதாதுனு, சூடான காத்து உள்ள போனா நாக்கிங் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிறது) வரும்ங்கிற பயத்துல ஈசியூ, அதாவது இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், ஸ்பார்க் டைமிங்கயும் பின்னாடி தள்ளிடும், பிக்கப் இன்னும் கொஞ்சம் போகும். ஆனா ஹீட் ஷீல்டு போட்டா மைலேஜ் ஏறும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பாதி ஆக்சிலேட்டர்ல நிதானமா ஓட்டும்போது சூடான காத்து மைலேஜ பெருசா கெடுக்கறதில்ல. இது முழுக்க முழுக்க பிக்கப் சம்பந்தப்பட்ட வேலை.

இதுல நெறய பேர் கோட்ட விடுற விஷயம் என்னன்னா, ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு தகட்ட நிறுத்திட்டா வேலை முடிஞ்சுதுனு நெனைக்கறாங்க. முடியல. காத்து தகட்ட சுத்திகிட்டு மேல இருந்தும் கீழ இருந்தும் வந்துடும். ஃபில்டர் ஒரு சின்ன ரூமுக்குள்ள இருக்கணும், அந்த ரூமுக்கு ஒரே ஒரு வாசல், அந்த வாசல் வெளிக்காத்து பக்கம். இந்த படம் மனசுல இருந்தா மிச்ச வேலையெல்லாம் தானா புரியும்.

என்னென்ன வாங்கணும்

அலுமினிய தகடு 1 எம்எம், ரெண்டுக்கு ரெண்டு அடி துண்டு ஒண்ணு போதும், எடை ஒரு கிலோ கிட்டத்தான் வரும். சென்னையில இருக்கவங்க பாரிமுனை பக்கம் தகடு கடைகள்ல கேக்கலாம், பழைய வண்டி பாக்ஸோட மூக்கு பைப்பு, கிளாம்ப் இதெல்லாம் புதுப்பேட்டையில தேடுனா கெடைக்கும். மத்த ஊர்ல அலுமினிய ஜன்னல் செய்யற கடையிலயோ பழைய இரும்புக் கடையிலயோ வெட்டுன துண்டு கேட்டுப் பாருங்க. ஜிஐ தகடும் (துத்தநாகம் பூசுன இரும்புத் தகடு) போடலாம் ஆனா கனம் ஜாஸ்தி, வெட்டுன ஓரத்துல துரு பிடிக்கும்.

கூடவே தகடு வெட்டுற கத்திரி, டிரில், 4 எம்எம் ரிவெட்டும் ரிவெட் கன்னும், 4.1 எம்எம் டிரில் பிட், ஒரு அரம், உப்புத்தாள், மர சுத்தியல், தகட்டு ஓரத்துல மாட்டுற யூ ஷேப் ரப்பர் பீடிங், கதவுக்கு போடுற மாதிரி உப்பலான பீடிங் ஒரு மீட்டர், எம்6 போல்ட் நட்டு ரப்பர் வாஷரோட. அப்புறம் கெட்டியான தோல் கையுறை. வெட்டுன தகட்டு ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், இத சாதாரணமா எடுத்துக்காதீங்க.

எத வாங்கக் கூடாதுங்கிறது இன்னும் முக்கியம். போர்டு வைக்கிறவங்க போடுற ஏசிபி ஷீட் பாக்க அலுமினியம் மாதிரி பளபளனு இருக்கும், ஈசியா மடங்கும், ஆனா அதுல நெறய ஷீட்டுக்கு ரெண்டு அலுமினியத்துக்கு நடுவுல இருக்கறது பாலித்தீன். இன்ஜின் பக்கத்துல வெச்சா எளகிடும், தீ பிடிச்சா எரியும். அதே மாதிரி தகர கூரைக்கு கீழ அடிக்கிற பபிள் ஃபாயில், அதுவும் உள்ள பிளாஸ்டிக்தான். தெர்மாகோல், சாதா ஃபோம், அட்டை எதுவும் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட தொடவே தொடாதீங்க, அறுத்தா வர்ற தூசி நுரையீரலுக்கு வெஷம்.

அட்டையில முதல் ஷீல்டு

தகட்ட வெட்டறதுக்கு முன்னாடி அட்டையில ஒரு மாதிரி செஞ்சு பொருத்திப் பாக்கணும், இது வண்டில நிரந்தரமா வைக்கறதுக்கு இல்ல. மொத்த வேலையில பாதி நேரம் இங்கதான் போகணும். வண்டி ராத்திரி முழுக்க ஆறி இருக்கட்டும். பேட்டரி மைனஸ் கழட்டுங்க. ஃபில்டர கழட்டி, திறந்து கெடக்குற பைப் வாய்ல ஒரு பெரிய கலர் துணிய அடைச்சு அதோட வால் வெளிய தொங்குற மாதிரி விடுங்க. சின்ன துணிய வெச்சா மறந்து அப்படியே ஸ்டார்ட் பண்ணிடுவோம், அது உள்ள போனா செலவு எங்கயோ போய் நிக்கும்.

டிவி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இருந்தா நல்லது. ஃபில்டர மறுபடி லேசா வெச்சுப் பாத்து, அத சுத்தி மூணு சுவரும் ஒரு அடித்தட்டும் வர்ற மாதிரி அட்டைய வெட்டி வெட்டி பொருத்துங்க. ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கற பாடி) பக்கம் பாடியே ஒரு சுவரா இருக்கும், அங்க தகடு தேவையில்ல. ஃபில்டருக்கும் சுவருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளியாச்சும் விடுங்க, இல்லனா ஃபில்டர் பூரா பரப்பும் மூச்சு விட முடியாது.

இன்ஜின் பக்கம் இருக்குற சுவருக்கு தனி கணக்கு. இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல உக்காந்திருக்கு, ஆக்சிலேட்டர் குடுக்கும்போது குலுங்கும், சாயும். ஷீல்டு பாடியில நிக்குது, அது அசையாது. அதனால இன்ஜினோட எந்த பாகத்துக்கும் ஷீல்டுக்கும் 25 எம்எம் கேப் வேணும். பைப் நுழையற ஓட்டைக்கும் இதே காரணம்தான், பைப் இன்ஜினோட சேர்ந்து ஆடும், ஓட்டை ஆடாது, அதனால பைப்ப விட 10 எம்எம் பெருசா ஓட்டை போட்டு சுத்தி பீடிங் மாட்டணும்.

என் சொந்த வண்டில மொதல்ல செஞ்சப்ப அட்டைய ஒரே தடவை வெட்டிட்டு நேரா தகட்டுக்கு போயிட்டேன். ஒரு மூலை வயர் கட்டு மேல லேசா சாஞ்சிருந்தது, கண்ணுக்கு தெரியல. மூணு வாரத்துல வயர் மேல்தோல அறுத்து ஃபியூஸ் போச்சு, நடு ரோட்ல நின்னேன். அதுக்கப்புறம் அட்டைய வெச்சுட்டு டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஓரமா வயர், பிரேக் பைப், பெட்ரோல் ஹோஸ், பேட்டரி பிளஸ் எல்லாம் எவ்வளவு தூரத்துல இருக்குனு பாக்காம தகட்ட தொடறதே இல்ல.

உயரத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கு. சப்பாத்தி மாவ சின்ன சின்ன உருண்டையா உருட்டி, பாலித்தீன் தாள்ல சுத்தி, அட்டை சுவர் மேல் ஓரத்துல நாலு எடத்துல வெச்சு பானெட்ட மெதுவா மூடித் தொறங்க. நசுங்குன உருண்டை எவ்வளவு தடிமனா இருக்குனு ஸ்கேல்ல அளந்தா ஒவ்வொரு எடத்துலயும் எவ்வளவு கேப்னு தெரிஞ்சுடும். பானெட் உள்பக்கம் மேடு பள்ளமா இருக்கும், அதனால மேல் ஓரம் நேர்கோடா வராது, அட்டையில அப்படியே வளைச்சு வரைங்க. கடைசியா உப்பல் பீடிங் உக்கார்ற உயரத்த கழிச்சுக்கணும், பானெட் மூடும்போது பீடிங் பாதி நசுங்கினா சீல் சரியா இருக்கும்.

தகட்ட வெட்டி மடிக்கிறது

அட்டைய பிரிச்சு தகட்டு மேல படுக்க வெச்சு மார்க்கர்ல வரைங்க. மடிக்கிற கோட்ட ஆணியால கீறாதீங்க, அந்த கீறல்லயே பின்னாடி விரிசல் விடும். ரெண்டு மடிப்பு சேர்ற மூலையில 5 எம்எம் ஓட்டை ஒண்ணு போட்டுக்கோங்க, அப்பதான் மூலை கிழியாது.

வெட்டும்போது கத்திரி வாய முழுசா மூடாம, முக்கால்வாசி மூடி மூடி தள்ளிகிட்டே போங்க, முழுசா மூடுனா ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பிசிறு நிக்கும். பைப் ஓட்டைக்கு சுத்தி சின்ன ஓட்டைகளா போட்டு நடுவுல இருக்குறத தட்டி எடுத்து அரத்துல ராவினா போதும், ஹோல் சா இருந்தா இன்னும் சுலபம்.

மடிக்க மெஷின் வேணாம். ரெண்டு கட்டைக்கு நடுவுல தகட்ட வெச்சு கிளாம்ப் போட்டு இறுக்கி, நீட்டிட்டு இருக்கற பக்கத்த கையால தள்ளி, அப்புறம் மர சுத்தியலால ஓரம் பூரா கொஞ்சம் கொஞ்சமா தட்டுங்க. மடிச்சத நிமித்தி திரும்ப அதே கோட்ல மடிக்காதீங்க, அலுமினியம் ரெண்டு மூணு தடவைக்கு மேல தாங்காது, ஒடஞ்சுடும். கோணம் தப்பா போச்சுனா கட்டையில வெச்சு லேசா சரி பண்ணலாம், அவ்வளவுதான். இது ரொம்ப பயமா இருந்தா அட்டைய எடுத்துட்டு பக்கத்து டிங்கரிங் பட்டறைக்கு போங்க, அட்டை சரியா இருந்தா அவங்களுக்கு அது சின்ன வேலை.

சுவர்கள் சேர்ற எடத்துல 15 எம்எம் ஒதட்டு விட்டு மடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு 4.1 எம்எம் ஓட்டை போட்டு ரிவெட் அடிங்க, ரெண்டு இஞ்சுக்கு ஒண்ணு. டிரில் போடறது எல்லாமே வண்டிய விட்டு தள்ளி, தரையில வெச்சுத்தான். அலுமினிய சீவல் பேட்டரி டெர்மினல்லயோ ஆல்டர்னேட்டர்லயோ விழுந்தா தொல்லை. அடித்தட்டோட தாழ்வான மூலையில 8 எம்எம் ஓட்டை ரெண்டு போட்டுடுங்க, மழைத் தண்ணி வந்தா வடியணும். எல்லா ஓரத்தையும் அரம் போட்டு, உப்புத்தாள் தேச்சு, யூ பீடிங் மாட்டுங்க, ஒரு இஞ்ச் கூட மொட்டையா விடாதீங்க.

பெயிண்ட் அடிக்கணும்னு ஆசை வரும். இன்ஜின் பாக்கற பக்கம் அடிக்காதீங்க. பளபளப்பான அலுமினியம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற சூடான பைப்) இருந்து வீசுற அனல பெரும்பகுதி திருப்பி அனுப்பிடும், மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சா அது அத்தனையும் குடிச்சுக்கும். மேனிஃபோல்டு ரொம்ப பக்கத்துல இருந்தா ஃபாயில் ஒட்டுன ஃபைபர் கிளாஸ் ஷீட் ஒரு லேயர் இன்ஜின் பக்கம் ஒட்டலாம், ஃபாயில் வெளிப்பக்கமா, ஓரத்துக்கெல்லாம் அலுமினிய டேப் போட்டு.

மாட்டுறது, வாசல் வைக்கிறது

பாடியில புதுசா ஓட்டை போடாதீங்க. பழைய ஃபில்டர் பாக்ஸ் நின்ன போல்ட் எடங்கள் சும்மாதான் இருக்கும், எல் கிளாம்ப் வெச்சு அதுலயே மாட்டுங்க, ரெண்டு பக்கமும் ரப்பர் வாஷர். பாக்ஸ கழட்டுனப்ப அதுல இருந்து வந்த பிரீதர் ஹோஸ் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய வெளியேத்துற குழாய்) எங்கயாவது திறந்து தொங்குதானு பாருங்க, அத ஃபில்டருக்கு பின்னாடி இருக்கற பைப்ல கிளாம்ப் போட்டு சேர்க்கணும். உங்க வண்டில காத்தோட சூட்ட பாக்குற சென்சார் பாக்ஸ்ல இருந்திருந்தா அதயும் கோன் பக்கத்துலயோ பைப்லயோ முறையா உக்கார வைக்கணும், தொங்க விட்டா ஈசியூவுக்கு தப்பான கணக்கு போகும்.

இப்ப வாசல். பழைய பாக்ஸோட மூக்கு பைப் இருந்தா அதுதான் பெஸ்ட், அத ஷீல்டு சுவர்ல ஓட்டை போட்டு நுழைச்சு விடுங்க. இல்லனா 75 எம்எம் வளையுற டக்ட் வாங்கி, ஒரு முனை ஷீல்டுக்குள்ள, இன்னொரு முனை கிரில்லுக்கு பின்னாடி, ரேடியேட்டருக்கு ஓரமா. ரேடியேட்டர் முகத்த மறைக்காதீங்க.

டக்ட் வாய கீழ பம்பர் ஓரத்துக்கு கொண்டு போனா இன்னும் குளிர்ந்த காத்து வரும்னு சிலர் செய்யறாங்க. நம்ம ஊருக்கு இது வேணவே வேணாம். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னை ரோட்ல தண்ணி எவ்வளவு நின்னுச்சுனு பாத்தவங்க நாம. தாழ்வான வாய் தண்ணிய உறிஞ்சுனா அது நேரா சிலிண்டருக்கு போகும், காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது, பிஸ்டன தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். கம்பெனி மூக்கு பைப் இருந்த உயரத்த விட ஒரு இஞ்ச் கூட கீழ போகாதீங்க.

வேலை செய்யுதானு பாக்குறது

உங்க வண்டில ஓபிடி போர்ட் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்) இருந்தா ஒரு புளூடூத் அடாப்டர் போட்டு போன்ல இன்டேக் டெம்பரேச்சர் பாக்கலாம். பழைய வண்டினா மீன் தொட்டிக்கு விக்கிற வயர் சென்சார் தெர்மாமீட்டர் வாங்கி, சென்சார ஃபில்டர் பக்கத்துல நல்லா கட்டி டிஸ்ப்ளேய உள்ள கொண்டு வாங்க, ஃபில்டருக்குள்ள போடாதீங்க. ஷீல்டு போடறதுக்கு முன்னாடி ஒரு நாள், போட்ட பிறகு ஒரு நாள், அதே ரூட்ல அதே நேரத்துல எழுதி வெச்சு பாருங்க.

ஓடும்போது சில நிமிஷத்துல நம்பர் வெளி வெப்பத்துக்கு கிட்ட எறங்கணும். எறங்கலனா டக்ட்டோ பானெட் சீலோ ஒழுகுது. சிக்னல்ல நிக்கும்போது ஏறத்தான் செய்யும், தகடும் மெதுவா சூடாகும், அத எந்த ஷீல்டும் முழுசா தடுக்காது. வண்டி கெளம்புனதும் எவ்வளவு வேகமா எறங்குதுங்கிறதுதான் நல்ல ஷீல்டுக்கு அடையாளம்.

மொத நாள் பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு, ஆறவிட்டு, பானெட்ட தொறந்து எங்கயாவது பளபளனு உரசுன தடம் இருக்கானு பாருங்க, இருந்தா அன்னைக்கே அந்த எடத்த வெட்டுங்க. ஒரு வாரம் கழிச்சு எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்குங்க. அப்புறம் மாசம் ஒரு தடவை அடித்தட்ட கையால தொடச்சு விடுங்க, எலை தழை சேர்ந்து வடியற ஓட்டைய அடைச்சுடும், எலி வேற அந்த மறைவான எடத்த ரொம்ப விரும்பும்.