பூவரசங்குச்சியில் ஒரு ராஜாங்க ரசீது

தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுப் பால் கணக்கு சமையலறைச் சுவரில்தான் இருந்தது. உழக்குக்கு ஒரு கரிக்கோடு. மாதக் கடைசியில் அம்மாவுக்கும் பால்காரம்மாவுக்கும் சண்டை வராமல் இருந்ததில்லை. சுவர் எங்களிடம் இருந்தது, அந்த அம்மாவிடம் ஞாபகம் மட்டும்தான்.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தத் தொல்லைக்கு ஒரு குச்சியே போதுமாக இருந்தது. அரசருக்கு வரி கட்ட வரும் ஷெரீஃபுக்கு, அதாவது வட்டார அரசு அதிகாரிக்கு, எக்ஸ்செக்கர் என்ற கணக்கு மன்றம் அதை ரசீதாகக் கொடுத்தது. பெயர் டேலி. நான் வரலாறு எடுத்த காலத்தில் வருடா வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செய்ய வைப்பேன்.

அங்கே ஹேசல் மரத்தில் செய்தார்கள். நமக்குப் பச்சைப் பூவரசங்கிளை சரிப்படும். காய்ந்த சவுக்கு மிலாறில் முயன்றேன், பிளவு பாதியில் பக்கவாட்டில் ஓடிவிட்டது. மூங்கில் சொன்னபடி பிளக்கும், ஆனால் வெட்டுப் போடச் சதை கிடையாது.

நீளம் ஒட்டைச் சாண், அதாவது விரித்த கட்டைவிரல் நுனியிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை. அளவுகள் என் கற்பனை இல்லை. இரண்டாம் ஹென்றியின் பொக்கிஷதாரர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் எழுதிவைத்தவை. குச்சியை நாலு பக்கமும் சீவிச் சதுரமாக்குங்கள். மேலும் கீழும் வெட்டு, இரு பக்கங்களிலும் எழுத்து.

வெட்டின் அகலம்தான் தொகை. ஆயிரம் பவுனுக்கு (நகைப் பவுன் இல்லை, இங்கிலாந்துப் பணம்) உள்ளங்கை கனம். நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுனுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு, நாம் நெல்மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறிய பள்ளம். பென்னிக்கு மரத்தை எடுக்கவே கூடாது, கத்தியால் ஒரு கீறல் மட்டும். 22 பவுன் 3 ஷில்லிங் 5 பென்னி என்று ஆரம்பித்தால் அளவாக வரும். ஒரு பையன் எடுத்த எடுப்பில் ஆயிரம் பவுன் வெட்டினான், பாதிக் குச்சி போயிற்று. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். அணாவுக்கு 12 பை என்று வளர்ந்த தாத்தா வீட்டில் இருந்தால் உடனே பிடித்துக்கொள்வார்.

அப்புறம் இரு பக்கமும் யார் கட்டினார், எதற்கு என்று எழுதுங்கள். அவர்கள் லத்தீனில் எழுதினார்கள், உங்களுக்குத் தமிழே போதும்.

இனிப் பிளப்பது. இதைப் பெரியவர்கள் செய்யுங்கள். ஒரு முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, எழுதிய ஒரு பக்கத்திலிருந்து பாதி கனம் வரை ரம்பத்தால் அறுங்கள். மறுமுனையில் கத்தியை நட்டுக்கு நடுவே வைத்து மெல்லத் தட்டினால் பிளவு அறுத்த இடம் வரை வந்து நிற்கும். எல்லா வெட்டும் இரண்டு துண்டிலும் பாதிப் பாதியாக இருக்க வேண்டும். பிடியோடு இருக்கும் நீளத் துண்டு பணம் கட்டியவருக்கு, குட்டைத் துண்டு எக்ஸ்செக்கருக்கு.

செப்டம்பர் 29ஐ ஒட்டிய தணிக்கைக்கு ஷெரீஃப் தன் துண்டைக் கொண்டுவருவார். சேர்த்து வைத்துப் பார்த்து, சரி என்றால் தோல் சுருளில் பதிவார்கள். 1130இன் சுருள் ஒன்று இன்றும் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சோதிக்க, பிள்ளையிடம் நீளத் துண்டைக் கொடுத்துத் திருட்டுத்தனமாக ஒரு வெட்டு கூட்டச் சொல்லுங்கள். மற்றதோடு சேர்த்ததும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

எங்கள் ஊர் செயின்ட் டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பேப்பரில் கணக்கு எழுதியபோதும் லண்டனில் குச்சி சீவிக்கொண்டுதான் இருந்தார்கள். 1826இல்தான் நின்றது. மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பாராளுமன்றக் கட்டட அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அன்று இரவே கட்டடம் பற்றி எரிந்தது. நான் செய்தவை இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில், பரணில் இருக்கின்றன.