பல் இம்ப்ளான்ட்: அவசரப்படாதீர்கள்

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவதுதான் இம்ப்ளான்ட். அது என்றதும் ஒரே நாளில் புதுப் பல்லோடு வீடு திரும்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் வைப்பதுண்டு. ஆனால் தாடையில் பதிக்கும் டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டிப் பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். நிரந்தரப் பல் அதன் பிறகுதான். தாடை எலும்பு தேய்ந்திருந்தால் முதலில் எலும்பு ஒட்டு வைக்க, அதாவது அந்த இடத்தில் எலும்பைச் சேர்க்க, வேண்டியிருக்கும். காத்திருப்பு இன்னும் நீளும்.

பயமுறுத்துவது எலும்பில் துளையிடும் கட்டம்தான். மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பதால் வலி தெரியாது. ஆனால் தாடை அதிர்வதும் மருத்துவர் அழுத்துவதும் நன்றாகவே தெரியும். அந்தச் சத்தம் யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான்.

சிகிச்சைக்குப் பிறகு வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ஏதோ தவறாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். மூன்று நாளுக்குப் பிறகும் வலியோ வீக்கமோ கூடினால், சீழ் அல்லது காய்ச்சல் வந்தால், உடனே மருத்துவரிடம் போங்கள். முதல் நாள் வாயை வேகமாகக் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். காயத்தை மூடியிருக்கும் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும்.

சர்க்கரை நோய், எலும்புத் தேய்வுக்கான மாத்திரை, இரத்தத்தை இளக்கும் மருந்து எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம்.

செயற்கைப் பல் சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் தொற்றால் கெட்டால் திருகு ஆட்டம் காணும், அதனால் பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்வதை விட்டுவிடாதீர்கள்.