மூக்கின் நிழல் காட்டிய வழி

தங்கை மகள் பிறந்த பத்தாம் நாள் எடுத்த படங்களைப் பார்த்தபோது எனக்கு மனம் சுருங்கிப்போனது. பிஞ்சு முகத்தில் மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறியிருந்தது. கண்குழிகள் கறுத்து, ஒரு கன்னம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

கேமராவில் குறை இல்லை. குழந்தையின் கால்தான் ஜன்னல் பக்கம் இருந்தது. வெளிச்சம் தாடையிலிருந்து மேலே ஏறினால் எவ்வளவு அழகான முகமும் விகாரமாகும். மறுநாள் தலை ஜன்னல் பக்கம் சாய்வாக, சுமார் 45 பாகையில் இருக்கும்படி கிடத்தினேன். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டதும் வெயில் பால்போல இறங்கியது. எதிர்ப்பக்கம் தங்கை வெள்ளைத் துண்டை விரித்துப் பிடிக்க, இருண்ட கன்னமும் தெளிந்தது. டியூப்லைட்டை அணைத்தேன், பச்சைச் சாயல் போய்விட்டது.

பசியாறி, ஏப்பம் விட்டு, நன்றாகத் தூங்கிய பிறகே குழந்தையைத் தொட்டேன். மின்விசிறியையும் நிறுத்தினோம். அப்படியும் கைகளை விரித்து விரித்து உதறினாள். பிறந்த குழந்தைகளுக்கு இது இயல்பு. மெல்லிய துணியால் கைகளை மார்போடு சேர்த்துச் சுற்றியதும் அடங்கினாள். இடுப்பையும் கால்களையும் தளர்வாக விட்டேன்.

உள்ளங்கைகளில் முகத்தைத் தாங்கும் ‘தவளை’ நிலையில் ஒரு படம் வேண்டும் என்றாள் தங்கை. மறுத்துவிட்டேன். பெரியவர் ஒருவர் முதலில் தலையையும், பிறகு கைகளையும் பிடித்துக்கொள்ள எடுத்த இரு படங்களை ஒட்டித்தான் அதை உருவாக்குகிறார்கள். கழுத்து நிற்காத குழந்தையை ஒரு கணமும் அப்படித் தனியே வைக்கக் கூடாது. மல்லாந்து உறங்கியவளின் விரல்களை நெருங்கி எடுத்தேன். இன்று தங்கை வீட்டுச் சுவரில் இருப்பது அந்தப் படம்தான்.