கொல்லைப்புறத்து நஞ்சிலிருந்து வீட்டு நாயைக் காப்பது எப்படி?

விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது கம்பத்துக்கும் கூடலூருக்கும் திரும்புகிறவர்களின் வீடுகளில் கொல்லைப்புறம் பாதி தோட்டமாகவும் பாதி கிடங்காகவும் இருக்கும். மிச்சப்பட்ட பூச்சிமருந்தும் உரச்சாக்கும் எலிமருந்துப் பொட்டலமும் ஒரே தகரக் கொட்டகையில் கிடக்க, அதற்குக் காவலாக நாய் படுத்திருக்கும். வேண்டுமென்றே நஞ்சு வைப்பவர்கள் இல்லாமல் இல்லை; ஆனால் நான் பார்த்தவரை, வளர்ப்பு நாய்கள் பெரும்பாலும் நஞ்சுக்கு ஆளாவது வீட்டுக்காரரே அசட்டையாக விட்டுவைத்த பொருளால்தான்.

நானும் அப்படி விட்டுவைத்தவன்தான். கறிவேப்பிலைச் செடி வாடியிருக்கிறதே என்று ஆமணக்குப் புண்ணாக்கையும் எலும்புத் தூளையும் கலந்து, தூரைச் சுற்றி நான்கு விரல் ஆழத்தில் இட்டு மண்ணை மூடினேன். மறுநாள் காலையில் அந்த மண் பறிக்கப்பட்டிருந்தது. எங்கள் கோம்பை நாய் செவலையின் மூக்கிலும் மீசை முடியிலும் பழுப்பு நிறத் தூள் ஒட்டியிருந்தது. இயற்கை உரம்தானே, என்ன செய்துவிடும் என்று முகத்தை மட்டும் துடைத்துவிட்டேன். மதியம் வாந்தி எடுத்தது. இரவில் இரத்தமாகப் பேதியானது. மூன்று நாள் சலைன் ஏற்றிய பிறகுதான் எழுந்து நின்றது. எலும்புத் தூளின் வாடை நாயைத் தோண்ட வைக்கிறது. எண்ணெய் எடுத்த பிறகும் புண்ணாக்கில் தங்கிவிடும் ரிசின் என்ற நஞ்சு குடலைப் புண்ணாக்குகிறது. அதற்கு முறிமருந்து கிடையாது. ஆகவே நாய் உலவும் இடத்தில் ஆமணக்குப் புண்ணாக்கை அறவே தவிர்த்துவிடுங்கள். வேப்பம் புண்ணாக்கே போதும். அதையும் எலும்புத் தூளோடு சேர்க்காமல் இடுங்கள்.

கொல்லையைச் சோதிக்கும்போது நின்றபடி பார்க்காமல் குந்தி உட்கார்ந்து, நாயின் மூக்கு எட்டும் உயரத்தில் பாருங்கள். முதலில் தேட வேண்டியது எலிமருந்து. கடையில் கிடைக்கும் எலிமருந்துகள் ஒன்றைப்போல் ஒன்று வேலை செய்வதில்லை. கேக் வடிவில் விற்கும் புரோமடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற நாய் மூன்று முதல் ஐந்து நாள்வரை வழக்கம்போல் ஓடியாடிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். கருஞ்சாம்பல் நிறத் தூளாக விற்கும் துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலத்தில் பட்டவுடன் பாஸ்பீன் வாயுவை வெளியிடுவதால், சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அதைக் கருவாட்டிலோ தேங்காயிலோ கலந்து வைத்தால், எலிக்கு முன் நாய்தான் வந்து நிற்கும். நாய் வளர்க்கும் வீட்டில் எலிப்பொறி வைப்பதே என் தேர்வு. மருந்துதான் வேண்டும் என்றால், மூடியுள்ள பெட்டிக்குள் கட்டிவைத்து, எத்தனை துண்டு வைத்தோம் என்பதைச் சுவரில் எழுதிவையுங்கள். எத்தனை துண்டு காணாமல் போயிருக்கிறது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.

அடுத்தது வாழைக்கும் ஏலத்துக்கும் இடும் குருணை மருந்து. கார்போஃப்யூரான், ஃபோரேட் ஆகிய இரண்டின் விற்பனையையும் கேரள அரசு 2011இல் தடை செய்தது. ஃபோரேட்டுக்கு 2020 இறுதியோடு நாடு முழுவதும் தடை வந்தது. ஆயினும் பழைய சாக்கின் அடியில் ஒரு பிடி குருணை இன்னும் பல கொட்டகைகளில் இருக்கத்தான் செய்கிறது. இதைத் தின்ற நாய்க்கு எச்சில் நூலாக ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், உடல் நடுங்கும். இதற்கு மருத்துவர் அட்ரோபின் ஊசி போடுவார். போகும் வழியில் தாமதிக்க நேரமில்லை. தோட்டத்திலிருந்து காலி மருந்து கேனைக் கழுவிக் கொண்டுவந்து நாய்க்குத் தண்ணீர் வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் நத்தைக்குத் தூவும் மெட்டல்டிஹைடு குருணை தவிட்டு மணத்தோடு இருப்பதால் நாய் விரும்பித் தின்னும். சற்று நேரத்தில் வலிப்பு கண்டு, உடல் அனலாகக் கொதிக்கும். நத்தையைக் கையுறை போட்டுப் பொறுக்கி உப்பு நீரில் போடுவது இதைவிடப் பாதுகாப்பானது. அந்த வாளியையும் நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

நம் பக்கத்தார் பலரும் நம்ப மறுப்பது திராட்சையின் ஆபத்தை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை விளையும் ஊர்களில், உதிர்ந்த பழத்தை நாய் பொறுக்கித் தின்பதை யாரும் தடுப்பதில்லை. சில நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலவற்றுக்கோ ஒரு கைப்பிடியே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. எந்த நாய்க்கு எது நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழத்தில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் நிறைந்த புளியையும் முற்றத்தில் காயப்போடும்போது உயரமான இடத்தில் போடுங்கள். கொக்கோ விதையும் காப்பிக்கொட்டையும் இதயத்தைப் படபடக்க வைக்கும். அரளியின் இலை முதல் வேர் வரை அனைத்தும் நஞ்சு. கத்தரித்த கிளைகளைக் குட்டி நாய் கடித்து விளையாடும்படி விடாதீர்கள். அழகுக்கு வைக்கும் சைகஸ் செடியின் விதை கல்லீரலை அழிக்கும். மலையேறும் ஜீப்புக்கு ஊற்றும் கூலன்ட் இனிப்பாக இருப்பதால் தரையில் சிந்தினால் நாய் நக்கும். மண்ணைப் போட்டு அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

நாய் எதையோ தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாயில் எஞ்சியதை எடுத்துவிட்டு, பொட்டலத்தையோ சாக்கின் லேபிளையோ கையில் எடுத்துக்கொண்டு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மருத்துவரை அழைத்தபடியே புறப்படுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண் உள்ளது. தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கம்பத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுவதே நல்லது.

உப்புக் கரைசலைத் தொண்டையில் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது இங்கே பரவலான வழக்கம். அது இரத்தத்தில் உப்பை ஏற்றி, மூளையைத் தாக்கி, தானே ஒரு நஞ்சாகிவிடும். பால், எண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம். துத்தநாக பாஸ்பைடு தின்ற நாய்க்குச் சோறு கொடுத்தால் அமிலம் கூடி வாயுவும் கூடும். அந்த நாயை வண்டியில் ஏற்றும்போது கண்ணாடியைத் திறந்து வையுங்கள். அது எடுக்கும் வாந்தியின் வாயு உங்களையும் பாதிக்கும். வலிப்பு கண்ட நாய்க்கும், மயங்கிய நாய்க்கும், மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்த நாய்க்கும் வாந்தி வரவழைக்க முயலவே கூடாது. மருந்து மேலே கொட்டியிருந்தால் கையுறை அணிந்து சோப்பு நீரால் கழுவுங்கள். தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடையுங்கள்.

எலி கேக் தின்ற நாய்க்கு மருத்துவர் வைட்டமின் கே1 மாத்திரையை மூன்று, நான்கு வாரத்துக்கு எழுதித் தருவார். பத்தாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும். அப்போது நிறுத்திவிடாதீர்கள், உடலில் தங்கிய நஞ்சு மீண்டும் இரத்தத்தைக் கசிய வைக்கும். தினமும் காலையில் மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் மாத்திரைக் கணக்கைப் பார்க்காமல் அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். கடைசி மாத்திரை முடிந்த இரண்டாம் நாள் இரத்தம் உறையும் நேரத்தை மறுபடி பரிசோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.