பிள்ளையை அனுப்பும் முன் அமெரிக்கச் சிற்றூரின் பழைய கணக்கைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவுக்குப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் நம் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல்கலைக்கழகத்தின் தரத்தைத் துருவித் துருவிப் பார்க்கின்றன. அது இருக்கும் சிற்றூரைப் பற்றியோ குளிரையும் வாடகையையும் மட்டும் விசாரிக்கின்றன. அந்த ஊர் ஒரு காலத்தில் யாரை உள்ளே விடவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் அந்தக் கணக்கின் பழைய அட்டவணைகள் கணக்கெடுப்புத் துறையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர் அமைந்துள்ள கவுன்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) 1900 முதல் 1960 வரை வாழ்ந்த கறுப்பினத்தவரின் எண்ணிக்கையைப் பிள்ளையின் கையாலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுன்டியில் 1910இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1912இல் அவர்களை மிரட்டியும் வீடுகளைக் கொளுத்தியும் விரட்டினார்கள். 1920 கணக்கில் அநேகமாக எவரும் இல்லை. எண் இப்படித் திடீரென்று சரிந்திருந்தால், அந்தப் பத்தாண்டின் நாளிதழ்களைத் தேட வேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் திறந்து வைத்துள்ளது. நம் தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டியவர்களுக்கு இது சிரமமாக இராது. ஆனால் அந்தக் காலத்துச் சொல்லைக் கொண்டே தேட வேண்டும். இந்தியர் எல்லாரையும் அன்று 'இந்து' என்றே எழுதினார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் 1907 செப்டம்பர் 4 அன்று, மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை ஒரு வெள்ளையர் கும்பல் தங்குமிடங்களிலிருந்து இழுத்து வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள். ஆயினும் செய்தியில் அவர்கள் 'இந்துக்கள்'தான். சில நாள்களில் அவர்கள் அனைவரும் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று காட்ட, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்ட 'கிரீன் புக்' கையேட்டையும் நியூயார்க் பொது நூலகத்தின் தளத்தில் பாருங்கள். ஊரின் பெயர் அதில் இல்லை என்பதை மட்டும் வைத்து, அது கறுப்பினத்தவரை விலக்கிய ஊர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பழைய ஏடுகளில் இன்றைய ஊர் முழுவதும் தெரிந்துவிடாது. குடியிருப்பில் இனப்பாகுபாட்டை அமெரிக்கா 1968இலேயே சட்டத்தால் தடுத்தது; 1907 நிகழ்வை நினைவுகூர்ந்து பெல்லிங்ஹாமில் 2018இல் ஒரு நினைவு வளைவும் எழுந்தது. ஆனாலும் மறுப்பு எப்போதும் எழுத்தில் இருப்பதில்லை. இங்கே சிங்கப்பூரில் நான் வாடகைக்கு அறை தேடிய நாள்களில், தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதுமே "வீட்டுக்காரர் இந்தியர் வேண்டாம் என்கிறார்" என்று ஒரு முகவர் சொன்னார். அந்த வார்த்தை எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை, என் காதில்தான் இன்னும் இருக்கிறது.

எனவே, அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். "ஊர் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்ல ஊர்" என்றுதான் பதில் வரும். வீடு பார்க்கப் போனபோது பெயரைக் கேட்டதும் பேச்சு மாறியதா, இரவு எட்டு மணிக்குக் கடையிலிருந்து தனியாக நடந்து வருவீர்களா, ஏதாவது நேர்ந்தபோது பல்கலைக்கழகத்தில் யாரிடம் போனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்தப் பதில்களையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.